ஒரே கடைக்குச் சொந்தமான குரல்

எங்கள் தெரு ஜெசிந்தா கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள். வீட்டிலேயே பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பேசிப் பதிவு செய்வாள், எதிரொலி வராதாம். பாத்திரக்கடை, மருந்துக்கடை என்று நாலு இடத்து வேலையில்தான் அவள் குடும்பம் ஓடுகிறது.

ஜவுளிக்கடை முதலாளி சங்கரபாண்டியன் கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே உன் குரல் என் கடையைத் தவிர வேற எங்கேயும் கேட்கக் கூடாது. இல்லேன்னா தீபாவளி விளம்பரம் உனக்கில்ல."

"அப்போ மாசச் சம்பளம் உண்டா அண்ணாச்சி?"

"நீதான் சொந்தத் தொழில்காரியாச்சே, சம்பளம் எதுக்கு?"

"சரிங்க அண்ணாச்சி."

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். ஜெசிந்தா வந்து விளம்பர மைக்கின் முன்னால் உட்கார்ந்து, செல்போனில் புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, குக்கர் விசில் அடிச்சாச்சா? இறக்கி வைங்க. பால்காரர்கிட்ட நேத்துப் பால் வெறும் தண்ணின்னு சொல்லுங்க!"

ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்டது. பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா இது கூத்து?"

"வீட்டுல பேசினா உங்க பேச்சை மீறினதாயிடுமே அண்ணாச்சி. இன்னும் மாமியார்கிட்ட வேற பேசணும்."

"தாயே, நீ எங்க வேணும்னாலும் பேசிக்கோ!"

ஜெசிந்தா மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுலயே சொல்லிடுங்க அண்ணாச்சி. எதிர்த்த பாத்திரக்கடைக்காரருக்கும் கேட்கட்டும்."