தேர்க் கொட்டகையும் பாதி மீசையும்

ரொம்ப காலத்துக்கு முன்னாலே வெண்ணாவல் நாட்டை அடலேறு மகாராசா என்று ஒருவர் ஆண்டு வந்தார். பேருக்கேற்ற வீரம் உண்டோ இல்லையோ, மீசை உண்டு. ஆசைக்கும் குறைவில்லை. காலையில் தேர் செய்யச் சொல்வார், மத்தியானம் மண்டபம் கட்டச் சொல்வார், சாயங்காலம் இரண்டையும் மறந்துவிடுவார்.

இத்தனை வேலைக்கும் ஆள் பிரிக்க ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒரு வேலைக்குப் பொறுப்பானவர் யார் கையில் மஞ்சள் காப்புக் கட்டுகிறாரோ, அந்த ஆள் அந்த வேலைக்குச் சொந்தம். அது முடிகிறவரை காப்பை அவிழ்க்கக் கூடாது, வெளிவேலை தொடக் கூடாது. ராசாவே சொன்னாலும் கூடாது என்று கல்லிலே வேறு வெட்டி வைத்துவிட்டார்!

தேர் வேலைக்குப் பொறுப்பு வீரமுடியார். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நாட்டிலே கைதேர்ந்த தச்சன், கொல்லன், கொத்தன் என்று நாற்பது பேரை வளைத்துக் காப்புக் கட்டிவிட்டார். “தேருக்குக் கொத்தன் எதுக்கய்யா?” என்று கேட்டால், “ஒருவேளை தேவைப்பட்டால்?” என்பார். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து சபைக்கு வந்து, “நாற்பது கெட்டிக்காரனும் என் கையில்” என்று பீற்றிக்கொள்வார். அந்தச் சாய்ந்த நடையைப் பெரிய மனுஷத் தோரணை என்றே ஜனங்கள் நினைத்தார்கள்.

அப்போது பார்த்துப் பெரிய ஏரியின் மதகு விரிசல் விட்டது. மழை வந்தால் கரை பிய்த்துக்கொண்டு போகும், கீழே பன்னிரண்டு ஊர் மூழ்கும். மதகு வேலை அமைச்சர் செங்கழனியார் தலையில் விழுந்தது. மதகு கட்டத் தெரிந்தவர் நாட்டிலேயே ஒருத்தர்தான், கொத்தனார் வெயிலுமுத்து. அவரோ தேர்க் கொட்டகையில்!

“மகாராசா, அவரை விடச் சொல்லுங்கள்” என்றார் அமைச்சர்.

“காப்புக் கட்டின ஆளை நான் எப்படி விடச் சொல்வேன்? ஐப்பசி பிறக்கும் முன்னே மதகு முடியவில்லையோ, நீர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கழுதை மேய்க்கப் போய்விடும்” என்றார் ராசா. வீரமுடியார் கிளுக்கென்று சிரித்தார்.

ஐப்பசிக்கு இன்னும் பத்தே நாள். அமைச்சர் ராத்திரி முழுக்க விழித்திருந்து யோசித்தார். கழுதையை நினைத்து இல்லை, அந்தப் பன்னிரண்டு ஊரை நினைத்து.

மறுநாள் காலை ராசா மீசை திருத்திக்கொண்டிருந்தார். வலது பக்கம் முடிந்து, கத்தி இடது பக்கம் போகிற நேரம். அமைச்சர் விறுவிறுவென்று வந்து நாவிதர் கையில் மஞ்சள் காப்பைக் கட்டினார். “மதகு வேலைக்குப் புறப்படும்.”

நாவிதர் பெட்டியை மூடிவிட்டார்.

“அடே, மீதி மீசையை முடித்துவிட்டுப் போடா!”

“வெளிவேலை தொடக் கூடாதே மகாராசா, கல்லிலே வெட்டியிருக்கே!”

“வேறு நாவிதனைக் கூப்பிடு!”

“ஊரிலே இருக்கிற ஒன்பது பேருக்கும் கட்டியாச்சு” என்றார் அமைச்சர்.

ராசாவுக்கு வந்ததே கோபம்! “மதகுக்கு நாவிதன் எதுக்கய்யா?”

“ஒருவேளை தேவைப்பட்டால்? தேருக்குக் கொத்தன் இல்லையா, அதுபோல.”

ராசா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நேரே தேர்க் கொட்டகைக்கு நடந்தார். அங்கே வெயிலுமுத்து, வீரமுடியார் வீட்டுப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“தேர் வேலை எவ்வளவு பாக்கி?” என்று உறுமினார் ராசா.

“பாக்கியே இல்லை சாமி, நாலு மாசம் ஆச்சு முடிஞ்சு. சக்கரம் கழலாமல் இருக்க ஒரு கடையாணி மாட்டணும், அவ்வளவுதான்.”

“அதை ஏன் மாட்டவில்லை?”

வெயிலுமுத்து தலையைச் சொறிந்தார். “அது எசமான் இடுப்பிலே இருக்குதுங்க.”

அங்கேயே நின்றிருந்த வீரமுடியாரின் இடுப்புத் துணியை அவிழ்த்தால், ஒரு முழ இரும்பு ஆணி ணங்கென்று விழுந்தது! தேர் ஓடிவிட்டால் நாற்பது பேரும் நாற்பது வேலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் யாரைக் காட்டிப் பெருமை பேசுவது? பாவம், இரும்பைச் சுமந்தே சாய்ந்திருக்கிறார்.

ஆணி ஏறியது, தேர் ஓடியது, நாற்பது காப்பும் அவிழ்ந்தன. வெயிலுமுத்து ஏரிக்கு ஓடினார். அமைச்சர் கடைசி மஞ்சள் காப்பை எடுத்து வீரமுடியார் கையில் கட்டினார்.

“நான் மதகுக்கு எதுக்கு?” என்று அலறினார் அவர்.

“ஒருவேளை தேவைப்பட்டால்?” என்றார் ராசா.

எட்டு நாளில் மதகு எழுந்தது. அந்த எட்டு நாளும் ராசா பாதி மீசையோடுதான் சபை நடத்தினார், ஒருத்தரும் சிரிக்கத் துணியவில்லை. ஒன்பதாம் நாள் மழை கொட்டியது, கரை அசையவில்லை. ராசா அந்தக் கரைமேலேயே குடை பிடித்து உட்கார்ந்து மீதி மீசையைத் திருத்திக்கொண்டார். வெயிலுமுத்துவுக்குத் தங்கக் காப்பு போட்டார். “இனிமேல் கையில் வேலை இல்லாதவன் காப்பைத் தானே அவிழ்த்துக்கொள்ளலாம்” என்று கல்லைத் திருத்தச் சொல்லி, அமைச்சரைக் கட்டிக்கொண்டார்.

எட்டு நாளாக மண் கூடை சுமந்த வீரமுடியார் கரையிலிருந்து இறங்கி வந்தார். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மனுஷன் நேராக நடந்து வந்தார்.