முப்பத்தேழும் இருபத்தெட்டும்

"இனி என்னால முடியாதுங்க மேடம். கீழ இறங்கணும்."

சொன்னவர் அருளப்பன். மலைமேல் ஓராசிரியர் பள்ளியில் பதினோரு வருடமாக அவரே தலைமை ஆசிரியர், அவரே உதவி ஆசிரியர், மணியடிப்பதும் அவரே.

கேட்டவர் கமருன்னிசா. அந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அருளப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். குழப்பம் வந்தால் வாத்தியார்கள் அவரிடம்தான் வருவார்கள். அவர் பதில் சொல்வது அபூர்வம். இருந்தாலும் வருவார்கள்.

மாறுதல் மனு கொடுக்க அன்று சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. அருளப்பன் தாளை நீட்டினார்.

"காரணம் முதுகுவலின்னு போட்டிருக்கீங்க."

"எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப என்ன சார்?"

அருளப்பன் சன்னலைப் பார்த்தார்.

"அங்க யாரும் இல்லீங்க. பிள்ளைங்க இருக்குது. சனம் இருக்குது, விடியறதுக்குள்ள காட்டு வேலைக்குப் போயிடுது. பள்ளிக்கூடம் விட்டா பேச்சுக்கு ஆளில்ல. போன வாரம் கரும்பலகைகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தோரு வயது ஆள் சொல்லக்கூடிய காரணமா இது?

கமருன்னிசா ஆறுதல் சொல்லவில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நேத்து என்ன பாடம் நடத்துனீங்க?"

"கூட்டல்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், அசதியில தப்பாப் போட்டுட்டேன்."

அருளப்பன் பேனாவை எடுத்தார். கையிலிருந்த மனுவையே திருப்பிப் போட்டு, 37 என்றும் அதன் கீழ் 28 என்றும் எழுதினார்.

"அம்பத்தஞ்சுன்னு போட்டேன். ரஞ்சனின்னு ஒரு பொண்ணு. சேர்ந்து ரெண்டு வருஷம், வகுப்புல வாயே தொறந்ததில்ல. எழுந்திரிச்சு, 'தப்பு சார்'னுச்சு."

"அப்புறம்?"

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'நீயே போடு'ன்னேன். வந்து சாக்பீஸை வாங்கிடுச்சு."

"அப்புறம்?"

"மழை புடிச்சுக்கிச்சு. கூரை ஒழுகும், எல்லாத்தையும் அனுப்பிட்டேன். சாக்பீஸோடயே ஓடிருச்சு."

சொல்லும்போது அருளப்பன் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"அப்புறம்?"

"அது திங்கக்கிழமை போனாத்தான்..."

பாதியில் நிறுத்தினார்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மனு கவிழ்ந்தபடியே கிடந்தது.

"திங்கக்கிழமை சாயந்திரம் போன் பண்றேன் சார். அந்தப் பொண்ணு என்ன போட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"மேல டவர் கிடைக்காதுங்க மேடம்."

கமருன்னிசா கொஞ்சம் யோசித்தார்.

"மலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"



"ஏழேகாலுக்கு. கடைசி ஸ்டாப்ல இறங்கி ரெண்டு மைல் நடக்கணும்," என்றார் அருளப்பன். "நான் வந்து நிக்கிறேன்."