மூணு வாசல் தாண்டின பாஷை

ஒரு ஊர்ல ஒரு... அட, இந்தக் கதையில ஊரே கிடையாதுடி. ஊரில்லாத ஒரு ஜனம் இருந்துச்சு. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா விரட்டுவான், அந்தப் பக்கம் போனா இன்னொருத்தன் விரட்டுவான். ஆனா அவங்களுக்குன்னு ஒரு பாஷை இருந்துச்சு. எழுத்து கிடையாது. கல்யாணப் பாட்டு, ஒப்பாரி, செத்துப்போனவங்க பேரு, எல்லாமே வாய்லதான். ம் கொட்டு. ஆங்.

அந்த ஜனத்துல செவ்ரான்னு ஒருத்தி. பாட்டு அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் திபுதிபுன்னு குதிரைக்காரங்க வந்து கூடாரத்தையெல்லாம் கொளுத்திட்டாங்க. அப்போ மழலை பேசற மக தில்மியத் தூக்கிட்டு ஓடினா. தூரத்துல ஒரு பட்டணம், அங்க யாரும் எந்தப் பாஷையும் பேசலாம்னு கேள்வி. ஆனா நடுவுல மூணு காவல் வாசல். இந்த ஜனத்தோட பாஷை காதுல விழுந்தாப் போதும், புள்ளையப் பிடுங்கிட்டு தாயை விரட்டிருவாங்க.

மொத வாசல்ல காவக்காரன் வெல்லக்கட்டிய ஆட்டிக் காட்டினான், அதோட பேர அவ பாஷையில சொல்லுவாளான்னு. தில்மி வாயத் தொறந்தா. செவ்ரா அவ காதோட, "ஈஷே"ன்னா. வாய மூடுன்னு அர்த்தம். காவக்காரனுக்கு மூச்சு விட்ட மாதிரிதான் கேட்டுச்சு. புள்ள கப்புன்னு மூடிக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது வாசல். தொறக்கறதுக்குக் காத்துக் கிடந்தே மழைக்காலமெல்லாம் போச்சு. சுத்தி ஒட்டுக்கேக்கறவங்க, பாட்டு எங்க பாடறது? பசின்னு வாயெடுத்தாலும் "ஈஷே". நாய் வள்வள்னு பாஞ்சப்போ கத்தப் போனா, அதுக்கும் "ஈஷே".

மூணாவது வாசல்ல இன்னும் பல வருஷம். தில்மி அங்கத்திய புள்ளைங்களோட சேந்து அவங்க பாஷையிலயே வளந்தா. செவ்ராவும் பயந்துக்கிட்டு அதுலயே கூப்பிட்டா. ஒரு நாள் காவக்காரன் தில்மி கையை நறுக்குன்னு கிள்ளினான். வலி வந்தா சொந்தப் பாஷை வந்துரும்னு அவன் கணக்கு. அவ அழுதா. அவன் பாஷையிலயே அழுதா. "போ, போ"ன்னு கதவத் தொறந்துட்டான். எம்மக கெட்டிக்காரின்னு செவ்ராவுக்கு ஒரே பெருமை, பாவி.

பட்டணம் வந்தாச்சு. "இனிமே பேசலாம்டி"ன்னு செவ்ரா அடக்கி வச்சதையெல்லாம் பாட ஆரம்பிச்சா. தில்மி முழிச்சா.

"என்னம்மா சொல்ற? ஒண்ணும் புரியலயே."

தூங்கிட்டியா? ம்.

சொல்லிக் குடுத்திருக்கலாம்தான். அதுக்குள்ள செவ்ரா காய்ச்சல்ல படுத்துட்டா. கடைசிச் சமயத்துல வேத்து பாஷை வாய்ல வரல. மக கையப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொன்னா. கெஞ்சினாளோ, வாழ்த்தினாளோ, பாட்டத்தான் சொன்னாளோ, யாருக்குத் தெரியும்? கேட்டுச் சொல்ல இன்னொரு ஆளு இல்ல. தில்மி தேம்பித் தேம்பி அழுதா. அப்போ செவ்ரா அவ கண்ணத் தொடச்சு, "ஈஷே"ன்னா. அது ஒண்ணுதான் மகளுக்குப் புரிஞ்சுச்சு.

அப்புறம் தில்மிக்கு ஒரு புள்ள பொறந்துச்சு. தொட்டில்ல போட்டுப் பாட அவகிட்ட வேற என்ன இருக்கு? அதைத்தான் சொன்னா. அந்தப் புள்ள தன் புள்ளைக்குச் சொல்லுச்சு. தினம் உன்னைத் தட்டித் தட்டி நான் சொல்றேனே, தாலாட்டுன்னா நெனச்ச? அத்தனை பாட்டுல நம்மகிட்ட மிஞ்சினது அவ்வளவுதான்.

கதையும் ஓஞ்சுது, கண்ணும் சொருகுது. ம் கொட்டினது போதும். ஈஷே... ஈஷே...