புள்ளி இல்லாத ஓலை

ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. கூர்மையான எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று பயந்து, எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிடுவார்கள். அந்நாளில் ‘எ’வையும் ‘ஏ’வையும் பிரித்துக் காட்டியதே அந்தப் புள்ளிதான். அதனால் தீயைக் குறிக்கும் ‘எரி’யும் தண்ணீர் நிற்கும் ‘ஏரி’யும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். படிக்கிறவர்தான் யோசித்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துக் கதை இது. பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கதையை உரக்கச் சொல்ல எனக்கு வராது.

மலைநாட்டைக் கோங்கவேள் ஆண்டான். அதற்குக் கீழே வயல்நாட்டை மருதவேள் ஆண்டான். இரண்டு நாட்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று. அதில் மேற்குப் பாதி மலைநாட்டுக்கு, கிழக்குப் பாதி வயல்நாட்டுக்கு.

மருதவேளுக்கு ஒரே தங்கை, ஆம்பல். அவளைக் கோங்கவேளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று இரண்டு அரசர்களும் ஆற்றில் இறங்கி, ஒருவன் கையால் ஒருவன் தண்ணீர் குடித்துச் சத்தியம் செய்தார்கள். “நமக்குள் எது வந்தாலும், வாளைத் தொடுமுன் ஆளனுப்பிக் கேட்போம்” என்பதுதான் சத்தியம். ஊரே கேட்டது. பந்தலில் சாப்பிட்ட காக்கைகூடக் கேட்டிருக்கும்.

ஏழு வருஷம் போயிற்று. ஆம்பல் மலைநாட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டாள். அங்கே எல்லாவற்றையும் ‘வைப்பது’ என்றுதான் சொல்வார்கள். மரம் வைப்பார்கள், வீடு வைப்பார்கள், கிணறும் வைப்பார்கள். வயல்நாட்டில் கிணற்றை வெட்டுவார்கள், தீயைத்தான் வைப்பார்கள்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தது, இரண்டாம் வருஷம் பொய்த்தது, மூன்றாம் வருஷமும் பொய்த்தது. வயல்நாட்டு மாடுகளுக்கு மிஞ்சியது பள்ளத்தில் காய்ந்து நின்ற புல் மட்டும்தான். அதுவும் போனால் மாடு இல்லை, ஏர் இல்லை, நாடு இல்லை.

அப்படி இருக்கும்போது மருதவேளுக்கு ஓர் ஓலை வந்தது. மலையிலிருந்து கடற்கரைக்குப் போகிற உப்பு வண்டிக்காரன் வாசலில் கொடுத்துவிட்டு, தன் வழியே போய்விட்டான். ஓலைமேல் கோங்கவேளின் முத்திரை இருந்தது. எழுத்தர் சாத்தந்தை அதைப் பிரித்துச் சபையில் உரக்கப் படித்தார்.

“தை பிறந்த அன்று பள்ளத்தில் எரி வைப்போம். ஆயிரம் பேர் வருகிறோம். நீயும் ஆளோடு வா. அங்கே பார்ப்போம்.”

சபை கொதித்துப்போயிற்று. மருதவேளின் முகம் கறுத்தது. அவன் அந்த ஓலையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வாங்கிப் பார்த்திருந்தால், அது தங்கையின் கையெழுத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சாத்தந்தைக்குத் தெரியாது, அவள் மலைக்குப் போன பிறகு வேலைக்கு வந்தவர் அவர்.

ஆனால் அவர் நல்ல எழுத்தர். படித்து முடித்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

“அரசே, அவசரப்பட்டு வாசிச்சுட்டேன். புள்ளி இல்லாத ஓலை இது. ‘ஏரி’ன்னும் படிக்கலாம். ஒரு நாள் வழிதான், நானே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

சபையில் சிரித்தார்கள். “ஏரியை யாராவது வைப்பாங்களா, எழுத்தரே? தீயைத்தான் வைப்பாங்க!”

மருதவேள் சிரிக்கவில்லை. “கேக்கப் போனா, பயந்துட்டான்னு சொல்லுவான்” என்றான். இது முதல் தடவை.

அடுத்து படைத்தலைவன் கொற்றன் எழுந்தான். பல போர் பார்த்தவன். போரில் அவனுக்கு ஆசை தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“மன்னா, நம்ம பாதியில நின்னு புல்லைக் காப்போம். அவங்க தீப்பந்தத்தோட நம்ம எல்லைக்குள்ள காலை வச்சா, அப்ப அடிப்போம். முதல் அம்பு நம்முதா இருக்க வேணாம்.”

“முதல் அம்பு விட்டவன்தான் ஜெயிப்பான்” என்றான் மருதவேள். இது இரண்டாம் தடவை.

வீட்டுக்கு வந்தால் அவன் மனைவி வாசலிலேயே மறித்தாள். “உங்க தங்கச்சி அங்கதானே இருக்கா? அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஆத்துல நின்னு சத்தியம் பண்ணீங்களே, மறந்துபோச்சா?”

“அவகிட்ட கேட்டா அவன் காதுக்குப் போயிடும். சத்தியத்தை அவன் முதல்ல மீறிட்டான்” என்றான். இது மூன்றாம் தடவை. மூன்று பேர் கேட்கச் சொன்னார்கள், மூன்று பேருக்கும் அவனிடம் பதில் இருந்தது. அவனிடம் இல்லாதது ஒரு கேள்விதான்.

தை பிறந்தது. பொழுது புலர்ந்து வெயில் ஏறும்போது, மருதவேளின் படை பள்ளத்தின் கிழக்கு மேட்டில் நின்றது. கீழே பார்த்தார்கள். ஆயிரம் பேர். ஒவ்வொருவர் தோளிலும் ஏதோ பளபளத்தது. நாலைந்து இடத்தில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“தீ மூட்டிட்டான்!” என்றான் மருதவேள்.

கொற்றன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தான். “மன்னா, அவங்க நிக்கறது அவங்க பாதியில. கூட்டத்துல பொம்பளைங்க தெரியறாங்க. கொஞ்சம் பொறுங்க.”

மருதவேள் கொம்பை வாங்கித் தானே ஊதினான்.

என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்ல மாட்டேன். ஒரு பானை அரிசி வேகிற நேரம்தான் ஆயிற்று. எதிரே யாரும் சண்டை போடவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் விழுந்தார்கள்.

மருதவேள் எல்லையைத் தாண்டி மேற்குப் பாதிக்குள் இறங்கினான். காலில் ஏதோ இடறியது. மண்வெட்டி. பக்கத்தில் ஒரு கூடை. அதற்கு அப்பால் இன்னொரு கூடை. தரையில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள், கரை போடுவதற்கு அளவு வைத்தாற்போல. புகைந்த இடத்தில் கவிழ்ந்த பானையிலிருந்து கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. தீப்பந்தம் ஒன்றுகூட இல்லை.

சாத்தந்தை சொன்ன ‘ஏரி’ அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரைக்கு முதல் கூடை மண்ணை அரண்மனைப் பெண்தான் சுமக்க வேண்டும் என்பது மலைநாட்டு வழக்கம். கயிறு கட்டிய இடத்தில், கொட்டிய மண்ணுக்குப் பக்கத்தில், ஆம்பல் விழுந்து கிடந்தாள். விலாவில் அம்பு. யார் எய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்து வந்த அம்பு. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அண்ணா, வந்துட்டியா! ஓலை கிடைச்சுதா? நான்தான் எழுதினேன். அவர் முத்திரை வச்சுக் கொடுத்தார்.”

அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் அவன் தோளுக்கு மேலே, மேட்டில் நின்ற படையைப் பார்த்தாள்.

“இத்தனை ஆளா கூட்டிட்டு வந்தே? ஒரே மாசத்துல கரை எழும்பிடும். ரெண்டு நாட்டுக்கும் தண்ணி...” என்றாள். பிறகு, “பார்ப்போம்னு எழுதினேன்ல? பார்த்துட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கோங்கவேள் மேற்கு மேட்டிலிருந்து ஓடிவந்தான். அவன் நாட்டு இளைஞர்கள் வில்லும் வேலுமாகப் பின்னால் வந்தார்கள். அவன் கை தூக்கி அவர்களை நிறுத்தினான். வெட்டியிருக்கலாம், மருதவேள் வாளைக் கீழே போட்டுவிட்டுத்தான் நின்றான். கோங்கவேள் மனைவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டான்.

“ஒரு ஆள் அனுப்பியிருக்கக் கூடாதா?”

நாற்பத்து மூன்று பேரை அன்று அடக்கம் செய்தார்கள். அந்த வருஷம் மழை பெய்தது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து பெய்தது. பள்ளத்தில் கரை இல்லை. தண்ணீர் புல்லையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று. மருதவேள் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாட்டிலும் மாடுகள் செத்தன.

மழை விட்டதும் மலைநாட்டார் மறுபடி கரை போட வந்தார்கள். மருதவேளும் வந்தான். வா என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடை கொடுக்கவும் ஆள் இல்லை. அவன் தன் தோல் கேடயத்தைத் திருப்பிப் பிடித்து, அதில் மண்ணை அள்ளிச் சுமந்தான். மறுநாள் கொற்றன் தன் கேடயத்தோடு வந்தான். அதற்கு அடுத்த நாள் படையே வந்தது. போருக்குத் தூக்கிவந்த கேடயமெல்லாம் மண் சுமந்து மண் சுமந்து கிழிந்துபோயிற்று.

ஏரி நிறைய மூன்று வருஷம் ஆயிற்று. கோங்கவேள் கடைசிவரை மருதவேளோடு பேசவில்லை. ஆனால் வருஷம் தோறும் தை பிறந்த அன்று ஓர் ஆளை அனுப்பி, “உங்கள் பக்கம் தண்ணீர் போதுமா?” என்று கேட்பான். மருதவேள் வாசலுக்கே வந்து, அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வான். சொல்லும்போது அழுவான்.

அதன்பின் வயல்நாட்டில் ஏரி ‘வெட்டினோம்’ என்று யாரும் சொல்வதில்லை. “இந்த ஏரியை யார் வைத்தது?” என்று கேட்டால், “ஆம்பல் வைத்தது” என்பார்கள்.

கேட்டவர்களே, இதுதான் நீதி: அண்டை நாட்டோடு எந்தப் பிணக்கு வந்தாலும் படையை அனுப்பாமல் ஆளனுப்பிக் கேட்டுத் தீர்ப்பதே ஒரு நாட்டின் கடமை; கேட்காமல் விட்ட அம்பு யார்மேல் படும் என்று விட்டவனுக்கே தெரியாது.