கத்தி குத்தியும் சாகாத நாயகி

வேங்கைக்கோட்டை ராஜா வீரகேசரிக்கு ஓர் ஆசை வந்தால், அரண்மனையில் அத்தனை பேருக்கும் தலைவலி வந்துவிடும். இந்தத் தடவை வந்தது ஓபரா ஆசை. இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த பாவ்லோ துரையின் கோஷ்டி அந்தப் பாட்டு நாடகத்தை ஆடிக் காட்டியது. தண்ணீர் கேட்பதானாலும் பாடித்தான் கேட்டார்கள். சண்டை போடுவதானாலும் பாடித்தான் போட்டார்கள். ராஜா சொக்கிப்போனார்.

"என் பிறந்தநாளுக்குத் தமிழில் இப்படி ஒன்று வேண்டும். யார் எழுதுகிறீர்கள்?"

ஆஸ்தானப் புலவர் மருதப்பக் கவிராயர் முகத்தைச் சுளித்தார். "இந்த ஊளைக்கு நான் எழுதுவதா?"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தப்புரத்துக்குத் தாலாட்டு எழுதிக் கொடுக்கிற அஞ்சுகம் மட்டும் தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டாள்.

"அஞ்சுகம் எழுதட்டும்!" என்றார் ராஜா.

தன் தாலாட்டின் லட்சணம் அஞ்சுகத்துக்குத் தெரியாதா? கேட்கிற பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள், தொட்டில் பிள்ளை அலறும். ஆனால் எழுத உட்கார்ந்ததும் அவளுக்கே ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு பெண்பிள்ளை எழுதி, துரைமார் வாத்தியம் வாசித்து, ஓபரா நடந்ததாக அந்தச் சீமையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மடியில் தன் கைப்பிள்ளையைப் போட்டுக்கொண்டே எழுதி முடித்தாள்.

பிறந்தநாள் காலை. கவிராயர் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, கதை முடிவில் நாயகி கத்தியால் குத்திக்கொண்டு சாகிறாளாம். பிறந்தநாளும் அதுவுமாய் அரண்மனையில் சாவா?"

ராஜாவுக்குத் திக்கென்றது. "கூடவே கூடாது! இன்று இந்தச் சபையில் சாவைக் கொண்டுவருகிறவர் யாரானாலும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்."

பாவ்லோ துரை துள்ளிக் குதித்தார். "நாயகி சாகாவிட்டால் அது ஓபராவே இல்லை! நான் இப்போதே கப்பலேறுகிறேன்."

"ஓபராவும் நடக்க வேண்டும், சொன்ன சொல்லும் நிற்க வேண்டும். அஞ்சுகம், உன் பாடு" என்று ராஜா எழுந்து போய்விட்டார்.

சாகடித்தால் இவள் போக வேண்டும். சாகடிக்காவிட்டால் துரை போய்விடுவார், ஓபராவும் போய்விடும். அஞ்சுகம் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு துரையிடம் போய் என்னவோ சொன்னாள். துரை வாய்விட்டுச் சிரித்தார்.

ஓபரா நடந்தது. நாயகியாக வந்த ரோசாம்மாள் கடைசியில் கத்தியை எடுத்துக் குத்திக்கொண்டாள். குத்திக்கொண்டு பாடினாள். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பாடினாள். பக்கத்துக் கூடத்திலிருந்து நெய் மணம் வந்தது. விருந்தாளிகள் நெளிந்தார்கள்.

"குத்திக்கொண்டாளே, இன்னுமா உயிர் இருக்கிறது?" என்றார் ராஜா.

"ஓபராவில் அப்படித்தான், மகாராஜா" என்றார் துரை.

பாட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. பாயசம் ஆடை கட்டிவிட்டதாகச் சமையல்காரர் வந்து காதோடு சொன்னார். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. ஆசனத்தைவிட்டு எழுந்தே விட்டார்.

"அம்மா தாயே! செத்துத் தொலையேன்!"

அஞ்சுகம் கையைக் காட்டினாள். ரோசாம்மாள் தொப்பென்று விழுந்தாள்.

கவிராயர் குதித்தெழுந்தார். "சாவு! சாவு நடந்துவிட்டது! இதற்கு யார் காரணமோ அவர் உடனே ஊரைவிட்டு..."

சபை முழுக்க ராஜாவைப் பார்த்தது. கவிராயர் மெல்ல உட்கார்ந்தார்.

"அடிப்பாவி!" என்றார் ராஜா. "என்னையே கொலைகாரனாக்கிவிட்டாயே! சரி, நான் பொறுமையாக வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

அஞ்சுகம் தலையைக் குனிந்துகொண்டாள். "மகாராஜா பொறுமைசாலிதான். ஆனால், அது நான் எழுதின பாட்டு ஆயிற்றே? எவ்வளவு நேரம்தான் தாங்குவீர்கள்?"

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். அங்கேயே அவளை ஓபராப் புலவராக்கி, பட்டும் போர்த்தினார்.

"பாட்டைப் பற்றி அவள் சொன்னது வாஸ்தவம்தான்" என்றார் கவிராயர். அவளோடு அவர் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.