உடும்பு மறைத்த அறிவிப்பு

கரட்டுக் காட்டின் சரிவில் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி வள்ளிக்கிழங்கு போட்டிருந்தது.

போன வருஷம் அடித்த மழை, மண்ணோடு கிழங்கையும் வழித்துக் கீழே குளத்தில் கொட்டியது. குளத்து ஆமைகள் ஒரு மாசம் உட்கார்ந்து தின்றன! செங்கமலத்தின் இரண்டு குட்டிகளும் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தன. இந்த வருஷமும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு இல்லாவிட்டால், கிழங்கு ஆமைகளுக்குத்தான்.

"சிங்கராஜா வரப்பு போட்டுத் தர ஏதோ திட்டம் விட்டிருக்காராம்! குளத்தங்கரை மருதமரத்துல அறிவிப்பு ஒட்டியிருக்கு!" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்தது.

செங்கமலம் முள்ளெல்லாம் சலசலக்க ஓடியது. குளத்து ஓரத்தில் ஒரு பெரிய கரும்பாறை. அதைச் சுற்றிப் போனால் மருதமரம். மரத்தில் அறிவிப்பைக் காணோம்! ஓர் உடும்புதான் நாலு காலையும் பரப்பி, வயிற்றை அப்பி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இங்க ஏதோ அறிவிப்புன்னாங்க..."

"எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம், தங்கச்சி! நீ பிறந்த வளைக்குச் சான்றிதழ் இருக்கா?"

"அந்த வளை போன ஆடியிலேயே இடிஞ்சுபோச்சே!"

"அப்ப இடிஞ்சதுக்கும் சேர்த்து ரெண்டு சான்றிதழ். முதுகுல எத்தனை முள்ளுன்னு எண்ணிக்கிட்டு வா. அப்படியே ஒரு இலை நிறையக் கறையானும் கொண்டுவா."

"கறையான் எதுக்கு?"

"மேலிடத்துக்கு!"

அன்றிலிருந்து செங்கமலம் களை எடுப்பதை விட்டுவிட்டுப் புற்றுப் புற்றாகத் தோண்டியது. குட்டிகள் முதுகில் ஏறி முள்ளை எண்ணின. நூற்றைத் தாண்டும்போது ஒன்றுக்குத் தும்மல் வரும். மறுபடி முதலிலிருந்து!

கொண்டுபோன கறையான் எல்லாம் உடும்பின் வாய்க்குள்ளேயே போனது. மேலிடம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று செங்கமலம் நினைக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் அதற்குக் கை ஓய்ந்துவிட்டது. இலையை மரத்தடியிலேயே வைத்தது. "அண்ணே, இறங்கி வந்து சாப்பிடுங்களேன்."

"ஐயோ, இறங்க மாட்டேன்! மேலே நீட்டு!"

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தது. தீனிக்குக்கூட இறங்காதவன், வயிற்றுக்கு அடியில் எதை ஒளித்து வைத்திருக்கிறான்?

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வாசனைக்கு ஈசல் கிளம்பும். ஐந்து நாளாகத் தோண்டியதில் எந்தப் புற்றில் ஈசல் நிறைந்திருக்கிறது என்று செங்கமலத்துக்கு அத்துப்படி. மருதமரத்துக்குப் பக்கத்துப் புற்றை ஓங்கி ஒரு பிறாண்டு பிறாண்டியது.

குபுகுபுவென்று கிளம்பியது ஈசல்! உடும்பு கண்ணை மூடிக்கொண்டது. ஒரு கண்ணைத் திறந்தது. ஒரு காலை விட்டது. இன்னொரு காலையும் விட்டது. பொத்!

மரத்தில் அறிவிப்பு பளிச்சென்று தெரிந்தது. "சரிவு நிலத்துக்கு வரப்பு போட்டுத் தரப்படும். சான்றிதழ் வேண்டாம். அலுவலர் யானையை நேரில் பார்த்தால் போதும். முதல் மழைவரை மட்டும்."

"யானையை எங்கே போய்த் தேடுவேன்!" என்று அலறியது செங்கமலம்.

"இங்கேதான் இருக்கேன், தாயி," என்றது கரும்பாறை.

"தினமும் உங்களைச் சுத்திக்கிட்டுத்தானே போனேன்!"

"நானும் யாராவது வந்து கேப்பாங்கன்னு படுத்தே கிடக்கேன். ஒரு ஈ காக்கா வரலையே!"

அதற்குள் ஒரு சொட்டு யானையின் மூக்கில் விழுந்தது. செங்கமலத்துக்கு உயிரே போனது. "ஐயா! மழை வந்துருச்சே!"

யானை துதிக்கையைத் துடைத்துக்கொண்டது. "இது தூறல். இதை நான் மழையில சேர்க்கிறதில்லை. நட!"

யானை மண்ணை வாரி வாரிப் போட்டு மிதித்தது. கடைசி மிதி விழவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வரப்பு நின்றது. கிழங்கும் நின்றது. குளத்து ஆமைகள் வெகுநேரம் வாயைப் பிளந்து காத்திருந்து, வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயின.

மறுநாள் உடும்பு நனைந்துபோய் வந்தது. "தங்கச்சி, என் பொந்துக்குள்ள வெள்ளம் புகுந்திருச்சு. யானைகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்!"

"நீங்களே போய்க் கேளுங்கண்ணே," என்றது செங்கமலம். "முதுகுல எத்தனை செதிலுன்னு மட்டும் எண்ணிக்கிட்டுப் போங்க!"

நமக்கென்று வந்த உதவியை நாமே நேரில் போய்க் கேட்டால், நடுவில் நிற்பவருக்குத் தீனி போட வேண்டியதில்லை.