சாவிக்குறி

"தங்கச்சி, இது சேரமாட்டேங்கு."

வீரபெருமாள் போனை மேசைமேல் வைக்கவில்லை. போட்டார்.

தயாளினி நிமிரவில்லை. வேறு யாருடைய போனையோ திறந்து வைத்து, அதற்குள் ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வளைகுடாவில், தொழிலாளர் முகாமுக்கு எதிரே இருந்தது அந்தப் போன் ரிப்பேர் கடை. தயாளினி யாழ்ப்பாணத்துப் பெண், வயது இருபத்தொன்பது. முகாமில் எல்லோரும் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள். தாடியும் இல்லை, காவியும் இல்லை. எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்பாள், அதனால் வந்த பட்டம்.

வீரபெருமாளுக்கு ஐம்பத்து நாலு. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது தொழில். 

"என்ன சேரேல்லை, அண்ணை?"

"ப்ராக்ஸி."

அந்த நாட்டில், முகம் பார்த்துப் பேசும் செயலிகள் நேர்வழியில் ஓடாது. ப்ராக்ஸி என்கிற செயலி வேறொரு நாட்டுக் கணினி வழியாகச் சுற்றி அழைத்துக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்துவிட்டால் போனின் உச்சியில் சின்னதாக ஒரு சாவிக்குறி தெரியும். அதைப் பார்த்தால்தான் முகாமில் பலபேருக்குச் சோறு இறங்கும்.

"சும்மா கோல் எடுத்துக் கதைக்கலாம்தானே?"

"அவளுக்குக் காது கேக்காதும்மா. வாயும் பேச வராது."

தயாளினி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

அவள் என்றால் கோமதி, வீரபெருமாளின் மனைவி. எழுத்தும் தெரியாது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தையும் கையாலேயே பேசி நடத்தினவள். இரண்டு பேருமாக உண்டாக்கின பாஷை அது. அதில் பாதி ஊர்க்காரர்களுக்கே விளங்காது.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவளுக்கு நெஞ்சுல ஆப்பரேசன். உள்ள போறதுக்கு முன்னால என் மூஞ்சிய அவ பாக்கணும்."

"இதுக்கு முதல் பாக்கேல்லையோ?"

 சொல்ல வெட்கப்பட்டதையும் அவர் சொல்லிவிட்டார்.

முந்தாநாள், "வருவாயா?" என்று கோமதி கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கை எழவில்லை. போனைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்துவிட்டார். கையால் பேசுகிறவளுக்கு அது முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி.

"அவ கடைசியாப் பாத்தது வெறும் இருட்டும்மா. அதோட அவள உள்ள அனுப்ப முடியாது."

தயாளினி கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். போனைத் தொடவில்லை.

"எப்ப நிண்டது?"

"நேத்து சாயங்காலம்."

"என்ன செய்தனீங்கள்?"

வீரபெருமாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. செய்ததைச் சொல்வதென்றால் அவரிடம் ஏராளம் இருந்தது.

"சிங்கப்பூர் போட்டேன், சேரல. ஜெர்மனி போட்டேன். அப்பறம் நெதர்லாந்து. அழிச்சிட்டு மறுபடி ஏத்தினேன். வைஃபைய விட்டு டேட்டாவுக்கு வந்தேன். சிம்மக் கழட்டி மாட்டினேன். மொட்டை மாடில ஏறி நின்னும் பாத்தாச்சு."

"அதெல்லாம் நிண்ட பிறகு செய்தது. நிக்க முதல் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்ணும் செய்யலியே."

"யோசியுங்கோ."

யோசிக்க அவருக்கு எங்கே நேரம்? போனை மறுபடி எடுத்துக்கொண்டார்; பெருவிரல் அதன்பாட்டுக்கு நாடு மாற்றிக்கொண்டிருந்தது. ஜப்பான். இணைகிறது. இணைகிறது. துண்டிக்கப்பட்டது. கனடா. இணைகிறது. துண்டிக்கப்பட்டது. உலகத்தையே இரண்டு சுற்று சுற்றியாயிற்று, சங்கரன்கோவிலுக்குப் போக வழியில்லை.

"மணி என்ன, அண்ணை?"

அவர் போனைப் பார்த்தார். "பத்து இருவது! அதத்தான சொல்லுதேன்!"

தயாளினி மறுபடியும் திருகாணியைத் தேடப் போய்விட்டாள்.

வீரபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருவாவது மண்ணாவது என்று வெளியே போக வாசல் வரை நடந்தார். அதற்குள் கையில் போன் அடித்தது. சாதாரண அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து கோமதியின் தங்கை.

"அத்தான், பச்சைச் சட்டை மாட்டி விட்டுட்டாங்க. அக்கா என் போனையே பாத்துக்கிட்டு கெடக்கா. என்ன சொல்லட்டும்?"

"இந்தா வந்திட்டேன்னு சொல்லு."

பேச்சை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வேறு எங்கே போவது?

"தாயி, உன் காலப் பிடிக்கேன். ஏதாவது செய்யி."

"மணி என்ன?"

"திரும்பவும் அதையே கேக்கியே! பத்து இருவத்தஞ்சு! ஒனக்குக் கண்ணு தெரியலியா? அந்தா செவுத்துல தொங்குதுல்லா!"

கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தைந்து.

நீட்டின கை அப்படியே நின்றது.

"அது இங்கத்த மணி," என்றார் மெதுவாக.

"உங்கட போனில?"

"ஊரு மணி. ஆப்பரேசன் நேரம் தப்பிரக்கூடாதுன்னு நேத்து சாயங்காலம் நாந்தான் ஒன்றரை மணி நேரம் தள்ளி..."



தயாளினி சொன்னாள்: "அந்தப் பக்கத்துக் கணினி கதவு திறக்க முதல் உங்கட நேரத்தைத்தான் பாக்கும். ரெண்டு நிமிசம் பிசகினாலே விடாது. நீங்க எந்த நாட்டுக் கதவைத் தட்டினாலும் ஒன்றுதான்."

"அது எனக்குத் தெரியாதேம்மா."

"நீங்க எங்க நிக்கிறீங்கள், அண்ணை?"

 அவர் போனை அவளிடம் நீட்டினார். "நீயே மாத்திரு."

"நீங்க மாத்தினது."

அமைப்புகளைத் திறந்தார். தேதி, நேரம். அதுவரை பறந்த விரல் அங்கே வந்ததும் தயங்கியது. நேற்று சாயங்காலத்திலிருந்து கோமதிக்கு என்ன மணியோ அதுவே அவருக்கும் மணி. கோமதி பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது மாதிரி ஒரு நினைப்பில் ஓர் இரவைத் தள்ளியிருந்தார். இப்போது அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு எழுந்து வருவதுபோல இருந்தது. 

'தானியங்கி நேரம்' என்பதை அழுத்தினார்.

பத்து முப்பத்தொன்று போய், ஒன்பது ஒன்று வந்தது.

ப்ராக்ஸியைத் தொட்டார். இணைகிறது.

போனின் உச்சியில் சாவிக்குறி தெரிந்தது.

கோமதி திரைக்கு வந்தாள். பச்சைச் சட்டை, பின்னலிட்ட தலை, கழுத்தில் ஒன்றுமில்லை. சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தன் மணிக்கட்டைத் தொட்டு, அவரைச் சுட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

அங்கே மணி என்ன?

தினமும் அவள் கேட்கிற முதல் கேள்விதான். ஆனால் கிளம்பி வந்துகொண்டிருக்கிறாயா, இன்னும் அங்கேயேதான் இருக்கிறாயா என்பதும் இன்றைக்கு அதிலேயே இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டார்.

போனைத் தயாளினியின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஒன்பது விரலைக் காட்டினார். பிறகு நெஞ்சைத் தொட்டு, காலடித் தரையைக் காட்டினார்.

கோமதி அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். திரையின் ஓரத்தில் ஒரு நர்ஸின் கை வந்து கட்டிலைப் பற்றியது.

கோமதி விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தைத் தூக்கினாள்.

சாப்பிட்டாயா?

வீரபெருமாள் இல்லை என்று தலையசைத்தார்.

ஒன்பது மணி வரைக்கும் வெறும் வயிறா என்று கோமதி விரலை ஆட்டி ஆட்டித் திட்ட ஆரம்பித்தாள். கட்டில் நகர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. கதவு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.